பொன்னியின் செல்வன்: ஒரு புத்தகமா, ஐந்தா?

வணக்கம் நண்பர்களே. இந்த மாத வாசிப்புச் சவாலில் "1950-களில் முதலில் வெளிவந்த நாவல், குறைந்தது 200 பக்கம்" பிரிவுக்குப் பொன்னியின் செல்வனை எடுத்திருக்கிறேன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. தொடர் வந்த ஆண்டையே கணக்கில் எடுக்கலாம்தானே?

பெரிய சந்தேகம் பாகங்களைப் பற்றியது. புது வெள்ளம் மட்டும் முடித்தால் ஒரு புத்தகமா, இல்லை தியாகச் சிகரம் வரை ஐந்தும் சேர்ந்துதான் ஒன்றா? முதல் பாகத்தோடு கதை முடியாது, உண்மைதான். ஆனாலும் தனித் தலைப்போடு தனி நூலாகவே கடையில் கிடைக்கிறது. அதனால் ஏற்கலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம், நாட்டுடைமையான நூல் என்பதால் இலவச மின்னூலாகக் கைபேசியில்தான் வாசிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண்ணிக்கை மாறிவிடுகிறது. ஏதாவது ஓர் அச்சுப் பதிப்பின் பக்கக் கணக்கைக் கொடுத்தால் போதுமா? விதிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.