வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால்தான் பணம் என்பது சரியா?

நுண்ணோக்கி:
ஆய்வு நிதிக்கு 'பல நாட்டுக் கூட்டு' என்பதை நிபந்தனையாக வைக்கலாமா? கூடாது என்பது என் கட்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2027 வரைக்கும் சுமார் 9,550 கோடி யூரோ. அதன் கூட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று தனி நிறுவனங்களாவது வேண்டும். எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதனுடன் இணைந்த நாடுகளிலோ இருக்க வேண்டும். ஒன்றாவது உறுப்பு நாடாக இருக்க வேண்டும். விதி கேட்பது மூன்று, ஆனால் கூட்டம் பத்து, பதினைந்து என்று பெருத்துவிடுகிறது. அப்படி ஒரு விண்ணப்பத்தின் பட்ஜெட் அட்டவணையைத் திறந்து பாருங்கள். மேலே ஒருங்கிணைப்பாளருக்குப் பெரிய தொகை. கீழே வர வர மெலிந்து, கடைசி வரிசையில் ஒருவருக்கு இரண்டு ஆள்-மாதம், அதாவது ஒரே ஆள் இரண்டு மாதம் செய்யும் வேலைக்கான பணம். வேலை, 'பரப்புரையும் விழிப்புணர்வும்'. அவரை அறிவியலுக்காக யாரும் அழைக்கவில்லை, பட்டியலில் இன்னொரு நாட்டுப் பெயர் வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். எனக்கே அப்படி மின்னஞ்சல் வந்திருக்கிறது. கடைசித் தேதி நெருங்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் என் சுயவிவரத்தையும் ஒப்புதல் கடிதத்தையும் கேட்கிறார். ஆய்வு எதைப் பற்றி என்றுகூட அதில் இல்லை.

இன்னொரு பக்கம் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஈஆர்சி. 2007-இல் தொடங்கியது. ஆளையும் யோசனையையும் பார்த்துத் தருகிறார்கள். தரம் ஒன்றுதான் அளவுகோல். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கூட்டு தேவை என்றால் ஆய்வாளரே தேடிக்கொள்வார். அதுதானே முறை?

கடலோடி:
நண்பரே, அந்த ஈஆர்சி பணத்தை எங்கே உட்கார்ந்து செலவழிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதனுடன் இணைந்த நாட்டிலோ உள்ள நிறுவனத்தில். 'எந்த நாட்டவரும் வரலாம்' என்றால் 'கிளம்பி வந்துவிடு' என்று பொருள். இதற்குப் பெயர் கூட்டு இல்லை, ஆள்சேர்ப்பு.

நிபந்தனை வைத்துச் சாதித்தவையும் உண்டு. உயிரியல் ஆய்வுக்குப் பணம் தரும் ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம் (எச்எஃப்எஸ்பி) 1989-இலிருந்து ஸ்ட்ராஸ்பூரில் இயங்குகிறது. வெவ்வேறு நாடுகளில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் குழுவாக வந்தால்தான் அதன் ஆய்வு நிதி கிடைக்கும். அதுவும் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்யாதவர்களாக இருப்பது நல்லது என்கிறார்கள். ஆரம்பகட்ட முடிவுகள் கேட்பதில்லை. இயற்பியல்காரரும் செல் உயிரியல்காரரும் 'ஒருமுறை பார்த்துவிடலாமே' என்று இறங்க இப்படி ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சொந்த நாட்டுக் குழுவிடம் கேட்டால் 'ஆரம்பத் தரவு எங்கே?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

நுண்ணோக்கி:
எச்எஃப்எஸ்பி சிறிய குழுக்களுக்கானது, அதை விட்டுவிடுகிறேன். பெரிய இடத்துக்கு வாருங்கள். பிரான்சில் நடக்கும் ஐட்டர் அணு இணைவுத் திட்டத்தில் ஏழு உறுப்பினர்கள். ஐரோப்பா ஏறக்குறைய 45 சதவீதம், மற்ற ஆறு பேரும் தலா 9 சதவீதம். பங்கில் பெரும்பகுதி பணமாக வருவதில்லை, பாகங்களாக வருகிறது. எல்லா நாட்டுத் தொழிற்சாலைக்கும் வேலை போய்ச் சேர வேண்டுமே! இணைவு நடக்க வேண்டிய வெற்றிடக் கலத்தின் ஒன்பது துண்டுகளில் ஐந்து ஐரோப்பாவில், நான்கு தென் கொரியாவில் என்று பிரித்தார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டிய விளிம்புகளில் அளவு பிசகியிருப்பது தெரிந்து, பழுதுபார்ப்பில் நாள் போனது. 2024-இல் அறிவித்த புதிய திட்டப்படி ஆய்வு இயக்கம் தொடங்குவதே 2034-இல். முதல் பிளாஸ்மா (எந்திரத்துக்குள் மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை முதன்முதலில் உண்டாக்குவது) என்று முன்பு குறித்திருந்த ஆண்டு 2025.

கடலோடி:
பிசகு நடந்தது உண்மை. அதற்காக அந்த எந்திரத்தை ஒரே நாடு கட்டியிருக்கும் என்கிறீர்களா? எந்த நாடு? எந்தக் கஜானா?

ஜோர்டானில் 2017-இல் திறந்த செசமீ ஒளிமூலத்தைப் பாருங்கள், பல நாட்டு ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் துகள் முடுக்கி அது. ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான், துருக்கி, எகிப்து, சைப்ரஸ், ஜோர்டான் என்று உறுப்பினர்கள். இவர்களில் பலர் வேறெங்கும் ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள். பெர்லினில் ஓய்வு பெற்ற பெஸ்ஸி-1 முடுக்கியின் பாகங்களை ஜெர்மனி கொடுத்ததில்தான் அந்தப் பேச்சே தொடங்கியது. யோசனையை மட்டும் பார்த்து, தனி ஆளுக்குப் பணம் கொடுத்து இதைச் செய்திருக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஆய்வுக்கூடத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் நிதி அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை அனுப்பிவைக்கிறவன். நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும், யார் மதிப்பிடுகிறார்கள், பணம் யார் கைக்கு வருகிறது என்பதுதான் எங்களைப் படுத்துகிறது.

இரு நாட்டு நிதி அமைப்புகள் சேர்ந்து அழைப்பு விடுகின்றன என்று வையுங்கள். பழைய முறையில் ஒரே விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். இங்கே ஐந்தில் ஒன்று தேறும், அங்கேயும் ஐந்தில் ஒன்று தேறும் என்றால், இரண்டிலும் தேறுவது இருபத்தைந்தில் ஒன்று. (நல்ல விண்ணப்பம் இரு பக்கமும் பிடித்துப்போகும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் உள்நாட்டில் தனியாகப் போட்டிருந்தால் வாய்ப்பு அதிகம்.) இதைச் சரிசெய்ய வந்ததுதான் முதன்மை முகமை முறை. ஒரு அமைப்பு மட்டும் மதிப்பிடும், அந்த முடிவை மற்றது ஏற்கும், அவரவர் ஆய்வாளருக்கு அவரவர் பணம் தருவார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து அமைப்புகளுக்குள் இது வெகுநாளாக நடக்கிறது. அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்பான என்எஸ்எஃப்பும் பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐயும்கூடச் செய்கின்றன.

அடுத்தது மேல்செலவு, அதாவது ஆய்வை நடத்த நிறுவனத்துக்கு ஆகும் நிர்வாகச் செலவு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹொரைசன் யூரோப்பில் நேரடிச் செலவுக்கு மேல் 25 சதவீதம் தருகிறார்கள். அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஎச் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தருவது 8 சதவீதம். அந்த எட்டில்தான் தணிக்கை, கொள்முதல், நெறிமுறைக் குழு, மாதிரிகளை அனுப்பும் ஒப்பந்தம் எல்லாம் அடங்க வேண்டும். சின்ன நிறுவனத்துக்கு நிதி கிடைத்ததும் கையைக் கடிக்கத் தொடங்கிவிடும். நிர்வாகம் முகம் சுளிப்பது அறிவியல் வெறுப்பால் அல்ல.

அப்புறம் நுண்ணோக்கி அவர்களுக்கு ஒன்று: ஈஆர்சியிலேயே சினர்ஜி என்று ஒரு வகை உண்டு. இரண்டு முதல் நான்கு முதன்மை ஆய்வாளர்கள் சேர்ந்து போடுவது, அடிப்படைத் தொகை 1 கோடி யூரோ வரை. அவர்களில் ஒருவர் ஐரோப்பாவுக்கு வெளியே தம் சொந்த நிறுவனத்திலேயே இருக்கலாம்.

கடலோடி:
பணம் யார் கைக்கு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எச்3ஆஃப்ரிக்கா அதற்கு நல்ல உதாரணம். என்ஐஎச்சும் வெல்கம் அறக்கட்டளையும் 2012 முதல் பத்தாண்டு நிதி தந்த மரபணு ஆய்வுத் திட்டம். முதன்மை ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். உகாண்டா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் உயிர் மாதிரி வங்கிகள் வந்தன. முன்பெல்லாம் ரத்த மாதிரி விமானம் ஏறிப் போகும், கட்டுரை வெளியூரில் அச்சாகும், மாதிரி எடுத்தவர் பெயர் நன்றியுரையில் வரும். இங்கே நிபந்தனையே அதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. நிபந்தனை யாருக்குச் சாதகம் என்று கேளுங்கள், ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்றால் மறுபடி பலசாலி கைதான் ஓங்கும்.

ஒற்றைப்பனை:
எல்லாம் சரி, அரசியல்வாதி ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

2021 மார்ச்சில் பிரிட்டன் வெளிநாட்டு உதவி நிதியைக் குறைத்தது. ஏற்கெனவே வாக்குக் கொடுத்த திட்டங்களுக்கே 12 கோடி பவுண்டு துண்டு விழுகிறது என்று யூகேஆர்ஐ அறிவித்தது. பாதி வழியில் இருந்த ஆய்வுகள் என்ன செய்யும்? அதே ஆண்டு சுவிட்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. சுவிஸ் பல்கலைக்கழகங்கள் ஈஆர்சி நிதியை நடத்தவோ கூட்டுத் திட்டத்துக்குத் தலைமை ஏற்கவோ முடியாமல் போனது. அவர்கள் பணக்கார நாடு, சொந்தக் காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். 2025 மே மாதம் என்ஐஎச், அமெரிக்க நிறுவனங்கள் தம் நிதியிலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துக் கொடுக்கும் துணை நிதியை, புதிய முறை வரும்வரை நிறுத்திவைத்தது. இதில் எந்த இடத்திலாவது ஆய்வின் தரம் பேச்சில் அடிபட்டதா?

என்னைக் கேட்டால், வெளிப்பணத்தில் மாதச் சம்பளம் கொடுக்காதீர்கள். கருவி, பயணம், பயிற்சி என்று, பணம் நின்றாலும் தாங்கக்கூடியவற்றுக்கு மட்டும் வாங்குங்கள்.

கடலோடி:
பயணத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும் என்றால் ஐரோப்பிய ஆய்வாளர்களை இணைக்கும் காஸ்ட் அமைப்பு போதும். 1971-இலிருந்து வலையமைப்புச் செலவை மட்டும்தான் தருகிறது, ஆய்வுச் செலவைத் தொடுவதில்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் மாதிரியை யார் எடுப்பது? தன்னார்வலரா?

வளர்பிறை:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். முனைவர் பட்டம் முடிக்கப் போகிறேன். இதில் எதற்கு நான் போடுவது?

கணக்குப்பிள்ளை:
தனியாளாக என்றால் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான ஐரோப்பிய ஒன்றிய நிதி) பாருங்கள். நாட்டு வரம்பு இல்லை. ஐரோப்பாவுக்குள் வரும் வகைக்கு, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் பலரைக் கவிழ்க்கும் விதி. விதிகள் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பை வாசியுங்கள்.

கூட்டுத் திட்டத்தில் சேர யாராவது அழைத்தால் முதலில் உங்கள் நாட்டுக்கு நேரடிப் பணம் உண்டா என்று பாருங்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹொரைசனில் உண்டு. இந்தியா, சீனா, பிரேசில், மெக்சிகோ போன்றவற்றுக்குப் பொதுவாக இல்லை. சேரலாம், செலவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கடிதம் அனுப்பும் முன் பட்ஜெட்டில் உங்கள் வரிசையையும், தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நுண்ணோக்கி:
பார்த்தீர்களா, நிஜமான ஆள் ஒருவர் வந்து கேட்டதும் தனியாள் திட்டத்தைத்தான் முதலில் கை காட்டுகிறீர்கள்.

கடலோடி:
அவர் கேட்டது வேலை. நாம் பேசிக்கொண்டிருந்தது செசமீ. அதற்கு நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை.