பள்ளி வாசலில் கார்களைத் தடை செய்தபின்: உங்கள் அனுபவம் என்ன?

நடைப்பிரியன்:

என் மகளின் பள்ளி கிழக்கு லண்டனில் ஓர் ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனாலும் மூன்று வருடம் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். மஞ்சள் கோட்டில் நிறுத்தி, அவளை இறக்கி, பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு வேலைக்கு ஓடுவேன்.

ஒரு மார்கழிக் காலை அப்படிப் பின்னால் எடுக்கும்போது யாரோ கார் கூரையில் ஓங்கித் தட்டினார்கள். பிள்ளைகளுக்கு வீதி கடக்க உதவும் அம்மா. இறங்கிப் பார்த்தேன். என் பின் சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் குனிந்து, விழுந்த கையுறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் தெரியவே இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் அறியாமல் நிமிர்ந்து ஓடிவிட்டான். எனக்கு அன்று முழுவதும் கை நடுங்கியது.

அடுத்த ஆண்டு அந்தத் தெருவைப் 'பள்ளித் தெரு' ஆக்கினார்கள். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் கார்கள் நுழையக் கூடாது. விடுமுறை நாட்களில் தடை இல்லை. சிவப்பு வட்டத்துக்குள் காரும் அதன் மேல் மோட்டார் சைக்கிளும் வரைந்த பலகை. பழக்கதோஷத்தில் நுழைந்துவிட்டேன். கமரா பிடித்தது. அப்போது அபராதம் 130 பவுண்டு, 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. கட்டிவிட்டு, மறுநாளே நடக்கத் தொடங்கினோம்.

முதல் வாரம் மகள் சிணுங்கினாள். இரண்டாம் வாரத்தில் எந்த வீட்டு வாசலில் எந்தப் பூனை இருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள். வகுப்பில் அவளோடு யாரும் விளையாடுவதில்லை என்பதை நான் அறிந்ததும் அந்த நடையில்தான். காரில் பின் இருக்கையில் இருந்தபோது அவள் அதைச் சொன்னதே இல்லை.

லூயிஷாம் அக்கா:

தம்பி, படிக்கும்போதே நெஞ்சு பதறியது. நான் தென்கிழக்கு லண்டனில், லூயிஷாமில் இருபது வருடமாக இருக்கிறேன். எல்லா (Ella) அடூ-கிஸி-டெப்ரா என்ற சிறுமி இந்தப் பகுதிப் பிள்ளை. சவுத் சர்குலர் பெருஞ்சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்து, கடுமையான ஆஸ்துமாவோடு போராடி, 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல். அந்தத் தாய் ஏழு வருடம் விடாமல் போராடிப் பெற்றது.

என் மகனும் ஆஸ்துமா பம்ப் பையோடுதான் பள்ளிக்குப் போகிறான். லண்டனின் பிரென்ட், என்ஃபீல்ட், லாம்பெத் பகுதிகளில் பள்ளித் தெருக்களை அளந்து பார்த்தபோது, காலையில் பிள்ளைகளை விடும் நேரத்தில் வாகனப் புகையால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு 23 சதவீதம் வரை குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். பள்ளி வாசலில் என்ஜினை அணைக்காமல் நிற்பவர்களிடம் நான் போய்ச் சொல்வதுண்டு. சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

வன்னிமகள்:

பள்ளித் தெரு நல்லது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தெருவுக்குள்ளேயே குடியிருப்பவர்களையும் நினையுங்கள். என் அம்மாவுக்கு 81 வயது. காலையில் குளிப்பாட்ட வரும் பராமரிப்பாளர் எங்கள் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். எங்கள் காருக்கு அனுமதி உடனே கிடைத்தது. அவருடைய காருக்கு விண்ணப்பித்து ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு இரண்டு அபராதங்கள். பேசிப் பேசித்தான் ரத்துச் செய்ய வைத்தேன். மணிக்கணக்குச் சம்பளத்தில் ஓடும் ஒரு பெண்ணை இப்படி அலைக்கழிக்கக் கூடாது. பலகை நடுவதற்கு முன்பே ஒவ்வொரு கதவையும் தட்டி, இந்த வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மஞ்சள் அங்கி:

2020இல் கொரோனாக் காலத்தில் எங்கள் பள்ளிக்குக் கமரா இல்லை. மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு பெற்றோர்தான் தடுப்பை இழுத்து வைத்தோம். திட்டாத ஆள் இல்லை. ஒருநாள் பொருள் விநியோகிக்க வந்த வேன்காரத் தம்பி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளைகள் போகட்டும், பத்து நிமிடம் பொறுங்கள்" என்றேன். தமிழைக் கேட்டதும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகளாம். குளிரில் தினமும் நிற்க ஆள் கிடைக்காமல் அடுத்த மாரியில் எங்கள் தடுப்பு நின்றுபோனது. தொண்டர்களை மட்டும் நம்பினால் இதுதான் கதி. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே கவுன்சில்கள் கமரா வைத்து இந்த அபராதம் விதிக்க 2022இல்தான் வழி பிறந்தது. லெஸ்டரில் இருக்கும் என் தங்கையின் பள்ளியில் இன்னமும் கயிறு கட்டுகிறார்கள்.

ஒரு கேள்வி, அண்ணா: உங்கள் பக்கம் கார்கள் அடுத்த தெருவில் குவியவில்லையா?

நடைப்பிரியன்:

குவிகின்றன. மறைப்பதற்கில்லை. மூலைத் தெருவில் காலை 8.40க்கு இப்போது நெரிசல். அங்கிருப்பவர்களின் கோபம் நியாயமானது. அந்த மூலையையும் சேர்க்கக் கேட்டுப் பெற்றோர் கையெழுத்து வாங்குகிறோம். வன்னிமகள் அக்கா சொன்ன பராமரிப்பாளர் விஷயத்தையும் மனுவில் எழுதுகிறேன்.

தூரத்திலிருந்து காரில் வருபவர்கள் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை எங்களோடு விடலாம். இப்போது ஏழு பிள்ளைகள் சேர்ந்து நடக்கிறார்கள், இரண்டு பெரியவர்கள் துணை. புறப்படும் நேரம் 8.25. மழை நாளிலும் போகிறோம். உபரிக் குடை இரண்டு என் பையில் இருக்கும்.