ஆபரேஷனுக்குப் பிறகும் போகாத அம்மாவின் முதுகுவலி

அம்மாவுக்கு 64 வயது, ஊர் திண்டுக்கல். 2023 மார்ச்சில் கீழ் முதுகெலும்பில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கில் ஆபரேஷன் செய்தோம். மூன்று மாதம் நன்றாக இருந்தார், அப்புறம் பழைய வலியே திரும்பிவிட்டது. இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடிப்பதுபோல் இழுக்கிறது. நின்று நாலு தோசை சுட முடியவில்லை. கால் பலம் குறையவில்லை. சிறுநீர், மலம் போவதிலும் சிக்கல் இல்லை.

ஆறு மாதம் பிசியோதெரபி பார்த்தாயிற்று. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மருந்து 75 மி.கி. தலைசுற்றலைத்தான் தந்தது. முதுகுத்தண்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி மூன்று வாரம் தாங்கியது. எண்ணெய் வைத்தியத்தையும் விடவில்லை. புது எம்ஆர்ஐயில் நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு தெரிகிறது. ஒரு டாக்டர் மறுபடி ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். அம்மாவோ கத்தி என்றாலே அழுகிறார்.

மதுரை, கோவை பக்கம் வலி சிகிச்சை நிபுணரிடம் காட்டி, மறு ஆபரேஷன் இல்லாமலே இப்படிப்பட்ட வலி குறைந்தவர்கள் இருந்தால், எந்தச் சிகிச்சையில் குறைந்தது?