வலி குறைய வேண்டும் என்ற ஆசையோடு வலியை ஏற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி:
நான்கு ஆண்டுகளாக எனக்குக் கீழ்முதுகில் வலி இருக்கிறது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை, பயிற்சிகளைத் தொடருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சென்ற ஆண்டு என் அக்காவையும் இழந்தேன். சில மாதங்களாகத் தாவோ என்னும் பண்டைச் சீனச் சிந்தனையைப் படித்துவருகிறேன். 'இந்த வலி இருக்கட்டும்' என்று ஒவ்வோர் இரவும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு படுக்கிறேன். ஆனால், அப்படிச் சொன்னதற்குப் பலனாகக் காலையில் வலி குறைந்திருக்க வேண்டும் என்று உள்ளூர எதிர்பார்த்து, குறையாதபோது ஏமாந்துபோகிறேன். இதற்குப் பெயர் ஏற்றுக்கொள்வதா, பேரம் பேசுவதா? அக்காவை நினைத்து அழும்போதும், இவ்வளவு படித்தும் அழுகிறேனே என்ற குற்றவுணர்வு வருகிறது.

பதில் 1:
அழுகையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் நீங்கள் உங்களுக்கு அதிக அநீதி செய்துகொள்கிறீர்கள். தாவோ மரபின் பண்டைச் சீன ஞானி சுவாங் ட்சுவின் மனைவி இறந்தபோது துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுய் ட்சு, சுவாங் ட்சு ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டு கடிந்துகொள்கிறார். பலரும் இந்தக் காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மறுமொழியை மறந்துவிடுகிறார்கள். அவள் இறந்த புதிதில் நான் மட்டும் வருந்தாமல் இருந்திருப்பேனா என்றுதான் அவர் தொடங்குகிறார். பிறப்பதற்கு முன் அவளுக்கு உயிரோ உருவமோ இல்லை என்பதையும், பருவங்கள் ஒன்றையொன்று தொடர்வதுபோல அவள் வந்து சென்றதையும் எண்ணிப் பார்த்த பிறகே அழுகை நிற்கிறது. அவரே அழுதிருக்கும்போது, ஒரே ஆண்டில் கண்ணீர் வற்றவில்லை என்று நீங்கள் குற்றவுணர்வு கொள்ள என்ன இருக்கிறது?

பேரத்தைப் பற்றி: வூ வெய் என்ற தாவோ கருத்தைச் செயலின்மை என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், வலிந்து செய்யாமை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வலியை விரட்ட வலிந்து முயல்வதைக் கைவிட்ட நீங்கள், இப்போது எதிர்பார்ப்பை விரட்ட வலிந்து முயல்கிறீர்கள். வலி குறைய வேண்டும் என்ற ஆசை எந்த உடம்புக்கும் இயல்பானது; அதையும் வலியோடு சேர்த்து இருக்க விடுங்கள்.

பதில் 2:
நாட்பட்ட வலி உள்ளவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் நான். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், உடலில் உள்ள பாதிப்பின் அளவும் உணரும் வலியின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. வலிக்கும் என்ற அச்சத்தில் மூச்சை அடக்கி முதுகை விறைப்பாக வைத்துக்கொள்வதால், தசைகள் இறுகி வலியைக் கூட்டுவதை நாள்தோறும் பார்க்கிறேன். உயிருள்ளது மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருக்கிறது, இறந்தது விறைத்துப்போகிறது என்று தாவோ மரபின் மூலநூலான தாவோ தே ஜிங்கின் 76ஆம் அதிகாரம் சொல்வதை நான் முதுகைப் பற்றியே படித்துக்கொள்கிறேன். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ, ஏற்றுக்கொள்வதைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் 3:
எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நான் நோயுற்றிருந்த காலத்தில், ஏற்றுக்கொள் என்று நலமாக இருந்தவர்கள் அறிவுரை சொன்னபோது, என் வேதனையைக் கேட்க அவர்களுக்கு விருப்பமில்லை என்றே எனக்குப் புரிந்தது. சுவாங் ட்சுவின் பெயரிலேயே உள்ள நூலின் ஆறாம் அதிகாரத்தில், நோயால் உடல் வளைந்து, முகவாய் தொப்புளை நோக்கித் தாழ்ந்து போன ட்சு யூ என்பவரைக் காண வரும் நண்பர் எதையும் போதிக்கவில்லை. இது உனக்கு வெறுப்பாக இருக்கிறதா என்று கேட்கிறார். இடக்கை சேவலாக மாறினால் விடியலைக் கூவி அறிவிப்பேன் என்ற ட்சு யூவின் பதில் அந்தக் கேள்விக்குப் பிறகே வருகிறது. உங்களிடம் அப்படிக் கேட்பவர் யாராவது இருக்கிறார்களா?

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அக்காதான். இதை எழுதும்போதுதான் அது எனக்கே தெரிகிறது. நேற்றிரவு, வலி குறைந்தால் நன்றாக இருக்கும் என்று மறைக்காமல் சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் வலி அப்படியே இருந்தது. வழக்கமான ஏமாற்றம் மட்டும் வரவில்லை.