பவர் மாற்றப் போய் வேறு ஏதாவது தெரியவந்தவர்கள் உண்டா?

வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாற்றத்தான் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தேன். கண் அழுத்தம் 18. 10 முதல் 21 வரை நார்மல் என்றார்கள். பவரை எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று பார்த்தால், டாக்டர் சொட்டு விட்டு உட்கார வைத்துவிட்டார். கண் பாப்பா விரிந்ததும் உள்ளே பார்த்தவர், இடது கண் நரம்பின் நடுக்குழி பெரிதாக இருக்கிறது என்றார்.

அடுத்து ஃபீல்ட் டெஸ்ட். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் மூக்குப் பக்கம், மேலே, கறுப்பாக ஒரு திட்டு. கிளாக்கோமா, கண் நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகிற நோய். அழுத்தம் நார்மலாக இருந்தாலும் வருகிற வகையாம்.

ஒரு கண் விட்டதை இன்னொரு கண் நிரப்பிவிடுகிறது, மிச்சத்தை மூளை சமாளித்துவிடுகிறது. பிறகு நமக்கு எப்படித் தெரியும்? போன நரம்பு போனதுதான். இருப்பதைக் காப்பாற்றத் தினமும் ராத்திரி சொட்டு விடுகிறேன். கூடப்பிறந்தவர்களும் காட்ட வேண்டும் என்றார். தம்பியோ "எனக்குத்தான் நல்லா தெரியுதே" என்கிறான். எனக்கும்தான் தெரிந்தது!

* * *

அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்ததுமே கண்ணைக் காட்டச் சொன்னார்கள். இப்போதுதானே வந்திருக்கிறது, அதற்குள் கண்ணா என்று கேட்டேன். டைப் 2 உண்மையில் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, பல வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். பார்வை 6/6, அதாவது நார்மல். ஆனால் விழித்திரையில் அங்கங்கே சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். லேசர் இப்போதைக்கு வேண்டாம், சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வையுங்கள் என்று சொல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை ஆறு மாதமாக்கிவிட்டார்.

* * *

கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், வெயிலும் கூசும். வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டிப்போங்கள். கூலிங் கிளாஸ் கையில் இருக்கட்டும். போனில் மெசேஜ் படிக்க முடியாமல் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

* * *

எங்கள் மகளுக்கு இடது கண்ணை மூடினதும் வலது கண்ணால் பெரிய எழுத்தே படிக்க வரவில்லை. அதுவரை டிவியை நெருங்கிப் பார்த்ததில்லை, தலைவலி என்று சொன்னதும் இல்லை. நல்ல கண் ஒன்று இருக்கும்போது குழந்தை எப்படிக் குறை சொல்லும்? சோம்பேறிக் கண், சின்ன வயதிலேயே பிடித்தால் நல்ல பலன் கிடைக்கும் என்றார்கள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணில் பேட்ச் ஒட்டுகிறோம். ஒட்டுவதற்குள் தினமும் ஒரு யுத்தம்.

* * *

எனக்கு அடுத்த வாரம் ஃபீல்ட் டெஸ்ட். கண் சிமிட்டலாமா?

* * *

தாராளமாக. பட்டனை அழுத்தும்போதே சிமிட்டிவிடுங்கள். பார்வையின் எல்லையைத் தேடுவதால் பல பொட்டுகள் தெரியாத அளவு மங்கலாகத்தான் வரும், தெரியவில்லையே என்று பதறி ஊகத்தில் அழுத்தாதீர்கள். களைப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், நிறுத்தி வைப்பார்கள்.