திடீரென்று அமைந்த வார இறுதி: ஒரு சிறு நகரத்தின் உணவையும் கடைகளையும் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி

வணக்கம். வரும் சனியும் ஞாயிறும் எதிர்பாராமல் ஓய்வாகக் கிடைத்திருக்கின்றன. ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள, நாங்கள் இதுவரை போகாத ஒரு சிறு நகரத்துக்குப் போய்வரலாம் என்று நானும் என் மனைவியும் நேற்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்தோம். பெயர்பெற்ற நினைவுச்சின்னம் என்று அங்கே எதுவும் இல்லை. எங்களுக்கு அதுவே பிடித்தும் இருக்கிறது. வயிறாரச் சாப்பிட வேண்டும், கடைவீதியில் காலார நடக்க வேண்டும், கைக்கு அடக்கமாக ஏதேனும் வாங்கி வர வேண்டும், அவ்வளவே.

சென்ற முறை இப்படிக் கிளம்பியபோது இணையத்தில் திரட்டிய 14 இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு பிற்பகல் முழுவதும் பூட்டிய கதவுகளின் முன் நின்றதுதான் மிச்சம். இம்முறை பட்டியல் வேண்டாம் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டியல் இல்லாமல் எப்படித் திட்டமிடுவது, இணைய மதிப்பீடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருளையே விலை கூட்டித் தலையில் கட்டுகிறார்களா என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

இடங்களின் பட்டியலைக் கைவிட்டது நல்லதே. அதற்குப் பதிலாக நேரங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பெருநகரத்தில் பல பேர் முறைவைத்து வேலை பார்ப்பதால் கடை நாள் முழுவதும் திறந்திருக்கிறது. சிறு நகரத்திலோ கல்லாவில் இருப்பவரும் சரக்கு எடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஒருவரே என்பதால், அவர் சாப்பிடப் போனால் கடையும் சாப்பிடப் போய்விடும். ஆகவே கடைகளைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது இரண்டு நாள் அன்று, ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதை எல்லாம் சனிக்கிழமையே முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைச் சாப்பாட்டுக்கும் நடைக்கும் விட்டுவிடுவது உத்தமம்.

வெள்ளிக்கிழமை மாலையே, உங்களுக்கு உண்மையாகவே முக்கியமான இரண்டு இடங்களுக்கு மட்டும் தொலைபேசியில் பேசிவிடுங்கள். வரைபடச் செயலியில் காணும் நேரம் எப்போதோ யாரோ பதிந்ததாக இருக்கலாம். உணவகத்திடம் “எத்தனை மணிவரை திறந்திருப்பீர்கள்?” என்று கேட்பதைவிட “சமையலறை எத்தனை மணிக்கு நிற்கும்?” என்று கேளுங்கள். கதவு திறந்திருந்தும் அடுப்பு அணைந்துவிட்ட உணவகத்தில் நான் ஒருமுறை வெறும் தேநீரோடு இரவைக் கழித்திருக்கிறேன்.

தங்குமிடத்தை ஊரின் நடுவிலேயே பிடியுங்கள். 1999-இல் இத்தாலியில் தொடங்கிய ‘சிட்டாஸ்லோ’ என்னும் நிதான நகர இயக்கம், 50,000 பேருக்கு உட்பட்ட ஊர்களையே முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த அளவுள்ள ஊரின் மையப் பகுதியைப் பெரும்பாலும் நடந்தே சுற்றிவிடலாம். நடுவில் தங்கினால் வாங்கிய பையை அறையில் போட்டுவிட்டு மறுபடியும் வெறுங்கையோடு கிளம்ப முடியும். கை கனத்தால் கடை பார்க்கும் ஆசை தானாகவே போய்விடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மூன்று முழு வேளைகளை ஐந்து சிறு வேளைகளாக உடைத்துக்கொள்ளுங்கள். இருவர் போவதால் ஒவ்வோர் இடத்திலும் ஒரே தட்டை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். முதல் இடத்திலேயே வயிறு நிறைந்துவிட்டால் மீதி ஊர் வீணாகிவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பாலானவை சரி. மதிப்பீடுகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சிறு நகரத்தில் அவை வேறு விதமாக ஏமாற்றும். எட்டுப் பேர் மட்டும் மதிப்பிட்டு, சராசரி 4 நட்சத்திரமாக இருக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவதாக வருபவர் ஏதோ கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் தந்தால் சராசரி 3.67-க்கு இறங்கிவிடும். இதே கோபக்காரர் 400 பேர் மதிப்பிட்ட பெருநகர உணவகத்துக்குப் போயிருந்தால் 4 என்பது 3.99 ஆகுமே தவிர, யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஆகையால் எண்ணை விட்டுவிட்டு, அண்மைய மாதங்களில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களில் தட்டு எப்படி இருக்கிறது, பின்னால் எத்தனை மேசை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. “இங்கே நல்ல உணவகம் எது?” என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு எது பொருந்தும் என்று அவராகவே ஊகித்து, ஊரிலேயே விலை கூடிய இடத்தைக் காட்டிவிடுவார். “நீங்கள் கடைசியாக வெளியில் சாப்பிட்டது எங்கே?” என்று கேளுங்கள். அதற்கு அவர் யோசிக்க வேண்டியதில்லை, நினைவுபடுத்திக்கொண்டாலே போதும். இதையும் தங்குமிட வரவேற்பறையில் கேட்காமல், நீங்கள் ஏற்கெனவே எதையாவது வாங்கிய கடையில் கேட்டால் பதில் இன்னும் நேர்மையாக வரும்.

உள்ளே நுழைந்த பிறகு மூக்கை நம்புங்கள். மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் சீக்கிரம் புகையும், நுரைக்கும், அதன் காறல் நெடி வாசலுக்கே வந்துவிடும். பத்துப் பண்டங்கள் மட்டும் எழுதிய பலகை எனக்கு நம்பிக்கை தருகிறது. அதில் இரண்டை அடித்துவிட்டுத் ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அன்றன்றைக்கு அளவாகச் சமைக்கிறார்கள் என்று பொருள். சாப்பாட்டுக்காக ஊர்விட்டு ஊர் போவதை விநோதமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: மிஷ்லான் உணவகக் கையேடு 1900-இல் ஒரு டயர் நிறுவனம், மக்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகட்டும், டயர் தேயட்டும் என்ற கணக்கில் தொடங்கியதுதான்.

மூன்றாம் மறுமொழி

கடைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கடைவீதியில் முதலில் ஒரு பொருளையும் வாங்காமல் முனையிலிருந்து முனைவரை ஒரு நடை போய்வாருங்கள். ஒரே பொருள் ஒரே அட்டையோடு நான்கு கடைகளில் தொங்கினால், நான்கு பேரும் ஒரே மொத்த வியாபாரியிடம் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பீங்கான் அல்லது மண் கிண்ணமாக இருந்தால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சக்கரத்தில் வனைந்ததைக் கம்பியாலோ நூலாலோ அறுத்து எடுக்கும்போது அடியில் சுழி சுழியாகக் கோடு விழும். சிலர் அதைச் சீவிவிடுவார்கள், அப்போதும் உட்புறத்தில் விரல் தடம் படிப்படியாகத் தெரியும். அச்சில் வார்த்ததாக இருந்தால், பக்கவாட்டில் மயிரிழை போல ஓர் இணைப்புக் கோடு கைக்குத் தட்டுப்படலாம். துணியில் பூவேலையைப் பார்த்தால் மறுபக்கத்தைத் திருப்புங்கள். நெய்த வேலை என்றால் பின்புறம் நூல் ஓடியிருக்கும். அச்சிட்டது என்றால் பெரும்பாலும் நிறம் மங்கியிருக்கும். அச்சிட்டது மட்டம் என்று நான் சொல்லவில்லை, நெய்தது என்று சொல்லி அதை விற்கக்கூடாது என்பதே என் வழக்கு.

தின்பண்டம் வாங்கி வருவதாக இருந்தால் உலர்ந்ததை வாங்குங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் ரயில் பயணமே மூன்று மணி நேரம்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவுதான் திரும்பினோம். சனிக்கிழமை காலையில் வெறும் நடை, பிற்பகலில் வாங்குவது என்று பிரித்துக்கொண்டது மிகவும் உதவியது. “கடைசியாக எங்கே சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்வியை மனைவி ஒரு நூல் கடையில் கேட்டார். கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டு, “என் தங்கை வீட்டில்” என்றார். பிறகு அவரே இரண்டு தெரு தள்ளி, பெயர்ப் பலகைகூட இல்லாத ஓர் உணவகத்தைக் காட்டினார்; இரண்டு நாளில் நாங்கள் சாப்பிட்டவற்றில் அதுவே சிறந்தது. ஐந்து வேளைத் திட்டம் மட்டும் மூன்றாவது வேளையிலேயே முறிந்துவிட்டது, குற்றம் என்னுடையது.

அடியில் சுழி விழுந்த ஒரு கிண்ணமும் கிடைத்தது. கடைக்காரர் அதை உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் சுற்றிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான், ஊரின் பெரிய சந்தை புதன்கிழமைதோறும் கூடுகிறது என்ற விளம்பரம் அந்தத் தாளில் கண்ணில் பட்டது. மனைவி அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார். புதன்கிழமைக்கு விடுப்புக் கேட்க நல்ல காரணம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.