உயிருய்ப்பி: இறந்தோரை அழைத்துச் செல்லும் தெய்வங்களுக்கு ஒரு பொதுச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இறந்தோரின் உயிரை மறுவுலகுக்கு அழைத்துச் செல்லும் தெய்வங்களைத் தொன்மவியலில் 'சைக்கோபாம்ப்' (psychopomp) என்பர். அவ்வகைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட எமதூதர், ஆவிவழிகாட்டி, உயிராற்றுப்படுத்துநர் ஆகிய மூன்று சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பே போதும் என்ற கருத்தையும் என்னால் ஏற்க இயலவில்லை. சைக்கோவும் பாமும் சேர்ந்து காதில் விழும் ஒரு சொல்லிலிருந்து, இறந்தவரின் கையைப் பற்றி அழைத்துச் செல்லும் தெய்வம் எவர் மனத்திலும் எழாது.

கிரேக்கத்தில் இது ஹெர்மஸ் என்னும் தெய்வத்தின் அடைமொழி. முன்பாதி உயிரையும் பின்பாதி அழைத்துச் செல்பவரையும் குறிக்கும். ஹோமரின் ஒடிசி காப்பியத்தின் 24ஆம் காண்டத்தில், கொல்லப்பட்ட மணவேட்பாளர்களின் ஆவிகள் வௌவால்களைப் போலக் கீச்சிட்டபடி பின்தொடர, ஹெர்மஸ் பொற்கோல் ஏந்தி முன்னே செல்கிறான். அவன் அவர்களைக் கொல்லவும் இல்லை, அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கவும் இல்லை. எகிப்தியரின் தெய்வமான அனூபிசும், கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹுனெஃபரின் பாப்பிரசு ஓவியத்தில், இறந்தவரைக் கைபிடித்து, அவரது இதயத்தை நிறுக்கும் தராசின் முன் கொண்டுவருகிறான். எடையை எழுதிக்கொள்பவன் தோத், அரியணையில் அமர்ந்திருப்பவன் ஒசிரிசு என வேறு தெய்வங்கள். ஆகவே, பாசக்கயிற்றோடு வந்து உயிரைக் கவரும் எமதூதரின் பெயர் இவ்வகைக்குப் பொருந்தாது.

'ஆவிவழிகாட்டி' என்பதில் ஆவிக்கு வழிகாட்டுபவரா, வழிகாட்டும் ஆவியா என்ற மயக்கம் உண்டு. ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை உடையோர் இரண்டாவது பொருளைத்தான் கொள்வர். மேலும், நனவுக்கும் நனவிலிக்கும் இடையே நின்று வழிநடத்தும் உளப்படிமத்துக்கும் உளவியலாளர் யுங் 'சைக்கோபாம்ப்' என்ற சொல்லை ஆண்டிருப்பதால், பேயை நினைவூட்டும் 'ஆவி' அங்கே இடறும்.

'உயிராற்றுப்படுத்துநர்' அழகான சொல். அதைக் கைவிட எனக்கும் மனம் வரவில்லை. ஆனால், பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. சொன்னவன் உடன் செல்வதில்லை. உடன் செல்வதுதானே இத்தெய்வங்களின் தொழில்? உளவள ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்று வழங்கும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதும் ஒரு தடை.

என் பரிந்துரை 'உயிருய்ப்பி'. கொண்டு செலுத்துதல் என்ற பொருளுடைய 'உய்த்தல்', இறப்புக்குப் பிந்தைய பயணத்துக்கும் நம் மொழியில் ஆளப்பட்ட வினைதான்: "அடக்கம் அமரருள் உய்க்கும் அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்" (குறள் 121). நல்லுலகுக்கும் இருளுக்கும் ஒரே வினை நிற்பதால், சேருமிடம் எதுவென்று சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடவில்லை. (புறநானூறு 27 காட்டும் விண்ணுலக ஊர்தியோ 'வலவன் ஏவா' ஊர்தி, அங்கே உய்ப்பவர் எவரும் இல்லை என்பது சுவையான முரண்.)

இகர ஈற்றை வேண்டுமென்றே தேர்ந்தேன். அஸ்டெக் மக்களின் சோலோட்ல் நாய்த்தலைத் தெய்வம். சரத்துஸ்திர சமயத்தில் மறுவுலகுக்குச் செல்லும் சின்வத் பாலத்தருகே எதிர்கொள்ளும் தயேனா, இறந்தவரின் சொந்த ஒழுக்கமே பெண்ணுருக் கொண்டு வருவது. ஆண், பெண், விலங்கு என்ற பிரிவுக்குள் அடங்காத இவர்களை 'உய்ப்போன்' என்றோ 'உய்ப்பவள்' என்றோ எப்படிச் சுட்டுவது? செயலுக்கு உயிருய்ப்பு, அடையாக உயிருய்ப்பித் தெய்வம் என்று கிளைச்சொற்களும் இடர்ப்பாடின்றி அமைகின்றன.

'உய்வு' என்பதோடு குழம்பி, உயிர்காப்பவர் என்று பொருள்கொள்ள நேருமே என்பது நியாயமான ஐயம். காப்பாற்றுவதற்கு 'உய்வித்தல்' என்ற தனி வினை உண்டு. 'உய்த்துணர்தல்' வழக்கில் இருப்பதால் 'உய்த்தல்' முற்றிலும் அயலானதும் அன்று. கிரேக்கத் தொன்மத்தில் இறந்தோரை ஆற்றைக் கடத்திவிடும் கேரோனைப் பொறுத்தவரை, அவன் கட்டணம் பெற்று அக்கரையில் இறக்கிவிடும் ஓடக்காரன் மட்டுமே என்பதால், இவ்வகையில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வட ஐரோப்பியத் தொன்மத்தின் போர்க்கன்னியரான வால்கிரிகள் வீழ்ந்த வீரர்களைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், ஓடின் தெய்வத்தின் மண்டபமான வல்ஹல்லாவுக்குக் கொண்டும் செல்வதால், அவர்களைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம்.